அமெரிக்கத் தொடக்கப் பள்ளியின் வார மடல்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையைக் கின்டர்கார்ட்டனில் சேர்த்த வாரத்திலிருந்தே பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலையோ ஞாயிறு இரவோ ஒரு நீண்ட மடல். அடுத்த வாரச் செய்திகள், நினைவூட்டல்கள், கீழே வரிசையாகச் சுட்டிகள். பள்ளி டைரியில் ஒரு வரி எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். புதிதாக வந்த குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம், ஏன், பக்கத்து ஊருக்கே விதி மாறும். அதனால் உங்கள் பள்ளியின் கையேட்டையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

ஒரே வாரத்தில் நாலைந்து மடல் வருகிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். அனுப்பியது யார் என்று முதலில் பாருங்கள். வகுப்பு ஆசிரியரின் மடல் என்றால் வரி விடாமல் படியுங்கள். லைப்ரரி புத்தகத்தை எந்தக் கிழமை திருப்ப வேண்டும், ஜிம் வகுப்புக்கு எந்த நாளில் ஸ்னீக்கர் போட்டு அனுப்ப வேண்டும், ஸ்பெல்லிங் டெஸ்ட் எப்போது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிரின்சிபல் மடலில் தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு, அனுப்புவது பெரும்பாலும் பட்ஜெட், போர்டு கூட்டம் பற்றியது. தலைப்பைப் பார்த்துவிட்டு நகரலாம். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் வரும் டிஸ்ட்ரிக்ட் மடலைத் தவறவிடாதீர்கள். பஸ் நேரமும் நிறுத்தமும் அப்போதுதான் சொல்வார்கள்.

ஒரு சாதாரண அக்டோபர் மடலை எடுத்துக்கொள்வோம். "திங்கள் விடுமுறை. செவ்வாய் பிக்சர் டே. புதன் எர்லி ரிலீஸ், 12:30. வியாழன் ஃபயர் ட்ரில். வெள்ளி புக் ஃபேர் தொடக்கம். அன்றே பம்ப்கின் பேட்ச் (பூசணித் தோட்டம்) சுற்றுலாவுக்கான அனுமதிச் சீட்டுக்குக் கடைசி நாள்." இதில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியவை புதனும் வெள்ளியும். புதனை மறந்தால் பிள்ளை மதியம் பள்ளி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும். வெள்ளியை மறந்தால் வகுப்பே சுற்றுலா போகும்போது அது மட்டும் வேறொரு வகுப்பில் விடப்படும். பிக்சர் டேவை மறந்தாலும் குடி முழுகிவிடாது. மறுபடி படம் எடுக்க இன்னொரு நாள் வைப்பார்கள்.

ஞாயிறு இரவு அம்மா அப்பா இருவரும் சேர்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து தேதிகளைப் போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். மடல் ஒருவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் வருகிறது என்றால் ஆபீஸில் சொல்லி மற்றவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இதுதான் சண்டைக்கே காரணம்.

எர்லி ரிலீஸ், ஹாஃப் டே, டிலேய்ட் ஓப்பனிங் எல்லாம் ஒன்றா?

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று: பள்ளி முன்னதாக விட்டுவிடும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோர் சந்திப்பு, நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் ஆகியவை காரணமாக இருக்கும். டிலேய்ட் ஓப்பனிங் பனிக்காலத்தில் வருவது. இரண்டு மணி நேரத் தாமதம் என்றால் பஸ்ஸும் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். மாலையில் விடும் நேரம் மாறாது. விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குப் போன் அடிப்பதும் குறுஞ்செய்தி வருவதும் இதற்காகத்தான். ஆகவே பள்ளியில் கொடுத்த போன் எண் சரியாக இருக்கிறதா என்று நவம்பருக்குள் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பள்ளி முன்னதாக விடும் நாளில் ஆஃப்டர்கேர் (பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) உண்டா என்பது தனிக் கேள்வி. சில இடங்களில் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு. புயல், பனி காரணமாகத் திடீரென மூடினால் ஆஃப்டர்கேரும் சேர்ந்து மூடிவிடுவார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு "நீ இல்லாதபோது நான், நான் இல்லாதபோது நீ" என்று பேசி வைத்துக்கொள்வதே நல்லது.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் போய்ப் பிள்ளையைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. ஆனால் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பள்ளியின் எமர்ஜென்சி கான்டாக்ட் பட்டியலில் அவர்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதிச் சேர்த்துவிடுங்கள். நம் பெயர்களில்தான் சிக்கல். தாத்தா "ராமசாமி" என்று சொல்வார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ ஒட்டியிருக்கும். ஆபீஸில் இருப்பவர் அட்டையில் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பேத்தியே ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டாலும் பெயர் பொருந்தாவிட்டால் விடமாட்டார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவருடைய வேலை.

விசாவில் வந்தவர்களிடம் அமெரிக்க அடையாள அட்டை இருக்காது. பாஸ்போர்ட்டைக் காட்டலாம். தினமும் அசல் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்று நினைத்தால் முதல் நாள் நீங்களும் கூடப் போய் அறிமுகப்படுத்திவிட்டு, நகல் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கின்டர்கார்ட்டன் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தால் நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்பது பல டிஸ்ட்ரிக்ட்களில் விதி. யாரும் இல்லையென்றால் டிரைவர் பிள்ளையை இறக்காமல் திருப்பிப் பள்ளிக்கே கொண்டுபோய்விடுவார். காரில் கூட்டிவருகிறவர்கள் வரிசையில் காரை விட்டு இறங்கக் கூடாது. பள்ளி கொடுத்த எண் அட்டையைக் கண்ணாடியில் தெரியும்படி வைத்தால் பிள்ளையை அவர்களே கொண்டுவந்து ஏற்றுவார்கள். மஞ்சள் பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னும்போது அதைத் தாண்டிப் போவது 50 மாநிலங்களிலும் குற்றம். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. மறுநாள் அனுப்பலாமா?

பொதுவான விதி: காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் டைலினால் (காய்ச்சல் மருந்து) கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்கு நர்ஸ் அழைப்பார். வாந்தி, பேதிக்கும் பல பள்ளிகளில் இதே 24 மணி நேரக் கணக்குதான். வராத நாளில் காலையிலேயே அட்டெண்டன்ஸ் எண்ணுக்குப் போன் செய்தோ செயலியிலோ சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து உங்களைத் தேடுவார்கள்.

மருந்து விஷயத்தில் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இருமல் மிட்டாய், சிரப், தெர்மாஸில் சுக்குக் கஷாயம் எதையும் பையில் போட்டு அனுப்பாதீர்கள். பள்ளியில் எந்த மருந்து கொடுப்பதானாலும் அதற்கான படிவமும், பெரும்பாலான இடங்களில் டாக்டர் கையெழுத்தும் வேண்டும். பெரியவர் ஒருவர் நேரில் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுக்க வேண்டும். கஷாயத்தை வீட்டிலேயே குடிக்க வைத்து அனுப்புங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். ஒரு மாதம் லீவு கேட்டால் கொடுப்பார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பயணச்சீட்டு வாங்கிய பிறகு கேட்பவர்களே அதிகம்.

குடும்பப் பயணத்துக்கான விடுப்பைப் பெரும்பாலான பள்ளிகள் அனுமதியில்லாத விடுப்பு என்றே பதிவு செய்யும். ஒன்றிரண்டு நாளுக்கு யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஆண்டின் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளையை 'அடிக்கடி வராத பிள்ளை' என்று கணக்கெடுக்கிறார்கள். பல மாநிலங்களில் ஆண்டுக்கு 180 நாள் பள்ளி என்பதால் 18 நாள் போனாலே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். சொல்லிவிட்டுப் போன லீவும், காய்ச்சல் லீவும் இதில் சேர்த்தி. இந்த எண்ணிக்கை பள்ளியின் மதிப்பீட்டிலும் பல மாநிலங்களில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரின்சிபலின் கடிதம் கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைவிட முக்கியமானது, தொடர்ந்து குறிப்பிட்ட நாட்கள் வராவிட்டால் பெயரையே நீக்கிவிடும் மாநிலங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் தொடர்ந்து 10 பள்ளி நாட்கள், வர்ஜீனியாவில் 15. நீக்கினால் திரும்பி வந்து மறுபடி சேர்க்க வேண்டும்: முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் முதலிலிருந்து. குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பள்ளி என்றால் அந்த இடம் போனாலும் போகலாம். இந்தியாவிலிருந்து திரும்பும் பிள்ளைக்குக் காசநோய்ப் பரிசோதனை கேட்கும் டிஸ்ட்ரிக்ட்களும் இருக்கின்றன.

ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் சில நாட்கள் மட்டும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு மாதம் முன்னதாகப் பிரின்சிபலுக்கு எழுதுங்கள். நேர்மையாக எழுதுங்கள், "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதி அனுப்பியிருப்பீர்கள், திரும்பி வந்ததும் உங்கள் பெண் வகுப்பில் மாமா கல்யாணப் படத்தைக் காட்டி ஷோ அண்ட் டெல் செய்துவிடுவாள். பாடங்களை மொத்தமாக முன்கூட்டியே தரச் சொல்லி ஆசிரியரைக் கேட்காதீர்கள். சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். புத்தகம் படிப்பதும் நாட்குறிப்பு எழுதுவதும் போதும் என்பார்கள். அது உண்மையிலேயே போதும்.

லஞ்ச் பாக்ஸில் எதை அனுப்பக் கூடாது?

பிள்ளையின் வகுப்பில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மடலில் சொல்லிவிடுவார்கள். நம் சமையலில் கடலை இருக்கும் இடங்கள் அமெரிக்க ஆசிரியருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்: எலுமிச்சை சாதத்தில் தாளித்த வேர்க்கடலை, கடலைச் சட்னி, பொரிக்கப் பயன்படுத்திய கடலெண்ணெய். வெண்பொங்கலிலும் கேசரியிலும் முந்திரி. எள்ளையும் மறக்காதீர்கள். உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் 2023 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி நமக்குச் சாதாரணம். எள் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு ஆபத்து. சாதத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை, அந்த ஒரு பொருளைத் தவிர்த்தால் போதும். தாளிப்பில் கடலைக்குப் பதில் கடலைப்பருப்பு போடுங்கள்.

சாப்பாட்டு நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதுவும் சில வகுப்புகளுக்குக் காலை பத்தே முக்காலுக்கே வந்துவிடும். டப்பாவைப் பிள்ளை தானே திறக்க வேண்டும். நான்கு அடுக்கு எவர்சில்வர் கேரியர் இங்கே உதவாது. பிறந்தநாளுக்கு வகுப்புக்கு இனிப்பு அனுப்பலாமா என்பதை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல பள்ளிகளில் உணவுக்கு அனுமதியே இல்லை. பென்சில், ஸ்டிக்கர் கொடுக்கலாம்.

பள்ளிச் சாப்பாட்டுக்கான வருமானப் படிவம் வந்திருக்கிறது. நாம் நிரப்பலாமா?

பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 1946-இல் சட்டம் வந்தது. குடும்ப வருமானம் அரசின் வறுமைக் கோட்டில் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம், 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட். இந்த வருமானத்துக்குள் வருகிறவர்கள் நிரப்புவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். படிவத்தில் குடியேற்ற நிலை கேட்கமாட்டார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்கும் இடத்தில், எண் இல்லாவிட்டால் இல்லை என்று குறித்தால் போதும். கலிஃபோர்னியாவும் மெய்னும் 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கின. பிறகு மினசோட்டா, மிச்சிகன், மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்றவையும் சேர்ந்துகொண்டன. அங்கெல்லாமும் பள்ளிக்குக் கிடைக்கும் நிதிக்காக இதுபோன்ற ஒரு படிவத்தைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

சைவமா? பன்றி, மாடு பற்றி மெனுவில் குறி இருக்கும். ஜெலட்டின், சிக்கன் குழம்பில் வேகவைத்த சாதம் பற்றியெல்லாம் நீங்கள்தான் கஃபடீரியாவில் கேட்க வேண்டும்.

ஸ்பிரிட் வீக்குக்கு ஒவ்வொரு நாளும் புது உடை வாங்க வேண்டுமா?

ஒன்றும் வாங்க வேண்டாம். நாளுக்கொரு வேடிக்கை உடை போட்டு வரும் வாரம் அது. திங்கள் பைஜாமா, செவ்வாய் ஜோடி சேராத சாக்ஸ், புதன் தொப்பி. எல்லாம் வீட்டில் இருப்பவைதான். கலந்துகொள்ளாவிட்டாலும் தவறில்லை. ஆனால் பைஜாமா நாளில் தன்னைத் தவிர எல்லோரும் பைஜாமாவில் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய துக்கம்.

பிப்ரவரி வாக்கில், பள்ளி தொடங்கியதிலிருந்து நூறாவது நாள் வரும். நூறு பொருட்களை எண்ணி எடுத்து வரச் சொல்வார்கள். நூறு புளியங்கொட்டை, நூறு கொண்டைக்கடலை, பாட்டியின் பெட்டியிலிருந்து சோழி. பத்துப் பத்தாகப் பிரித்துச் சின்னப் பைகளில் போட்டுக் கொடுங்கள், எண்ணுவதும் எளிது. சில பள்ளிகளில் நூறு வயதுக் கிழவர்போல வேடமிட்டு வரச் சொல்வார்கள். ஒரு சால்வை, லென்ஸ் இல்லாத கண்ணாடிச் சட்டம், ஒரு குடை. முடிந்தது.

வாலன்டைன் நாளுக்கு அட்டை கொடுப்பதானால் வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் அனுப்புவார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு உண்டா?

ஊரைப் பொறுத்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை என்று 2023-இல் சட்டம் வந்து, 2024 நவம்பர் 1 அன்று முதன்முறையாக மூடினார்கள். நியூ ஜெர்சியில் பல ஊர்களில் விடுமுறை உண்டு. இல்லாத ஊரிலும் தீபாவளி மாநிலக் கல்வி வாரியத்தின் சமயப் பண்டிகைப் பட்டியலில் இருப்பதால் கடிதம் கொடுத்தால் வராத நாளாக எண்ணமாட்டார்கள். மற்ற மாநிலங்களிலும் சமயக் காரணத்துக்கான விடுப்பு பொதுவாக அனுமதிக்கப்பட்டதுதான். முதல் நாளே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பொங்கல் பெரும்பாலும் பள்ளி நாளில்தான் வரும். காலையில் பொங்கி, பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுப் பஸ் ஏறட்டும்.

பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) எதற்கெடுத்தாலும் பணம் கேட்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. உறுப்பினர் கட்டணம், குக்கி மாவு விற்பனை, ஃபன் ரன், புக் ஃபேர் எல்லாமே விருப்பம். பிடிஏவின் தொடக்கமே 1897-இல் வாஷிங்டனில் கூடிய தாய்மார்கள் மாநாடுதான். இன்று அதன் பெரும்பாலான வேலை நிதி திரட்டல்போலத் தோன்றுவது எனக்கும் சலிப்புதான். என் யோசனை, உறவினர்களிடம் சாக்லேட் விற்று அலையாமல் ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்த தொகையை ஒரே தடவையாகக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நன்கொடைக்கு ஈடாக உங்கள் நிறுவனமும் ஒரு தொகை போடுமா என்றும் பாருங்கள். சுற்றுலாக் கட்டணம் சிரமம் என்றால் ஆசிரியரிடமோ கவுன்சிலரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓசைப்படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

பணத்தைவிட ஆள் கிடைப்பதுதான் பள்ளிக்குக் கடினம். எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா) இருப்பவர்களும் பள்ளியில் சம்பளமில்லாத தன்னார்வ வேலைகளைச் செய்யலாம். பின்னணிச் சோதனைப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டால், இல்லாதவர்களுக்கு வேறு வழி என்ன என்று ஆபீஸில் கேளுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

சேர்க்கும்போது வரும் வீட்டுமொழிப் படிவத்தைப் பற்றிய பயம் இது. உண்மையையே எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் ஒரு சிறிய தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் அதோடு முடிந்தது. போதாது என்று வந்தால் கூடுதல் ஆங்கில உதவி கிடைக்கும். பொதுவாக நாளில் கொஞ்ச நேரம் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் பலப்பட்ட உரிமை இது. வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் வரும் தேர்வை அப்போதும் எழுதித்தான் ஆக வேண்டும். பல மாநிலங்களில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கான மடல்களில் அந்தத் தேர்வுத் தேதி வரும்.

மடலோ சந்திப்போ உங்களுக்கே புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இலவசம். 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) அடிப்படையில் அது பள்ளியின் கடமை. பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை முழுதாக மொழிபெயர்க்கும்?

பெற்றோர் சந்திப்புக்குப் பதினைந்து நிமிடம்தான். என்ன கேட்பது?

"எத்தனையாவது ரேங்க்" என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை. வகுப்பு அளவுக்குப் படிக்கிறதா, யாரோடு விளையாடுகிறது, கை தூக்கிப் பேசுகிறதா என்று கேளுங்கள். இடம் பதிவு செய்யும் சுட்டி வந்த அன்றே பதிந்துவிடுங்கள். மாலை நேரங்கள் உடனே போய்விடும்.

லாக்டவுன் ட்ரில் என்று போட்டிருக்கிறதே, பயமாக இருக்கிறது.

பள்ளிக்குள் ஆபத்தான ஆள் நுழைந்தால் என்ன செய்வது என்ற பயிற்சிதான். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தமில்லாமல் உட்காருவார்கள். முந்தின இரவு பிள்ளையிடம் "நாளைக்குப் பாதுகாப்புப் பயிற்சி, டீச்சர் சொல்வதைக் கேள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் அதுவாகப் பேசினால் கேளுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேரலாமா?

சேருங்கள், நாளைக்கு ஹோம்வொர்க் உண்டா என்று கேட்க உதவும். ஆனால் அது பள்ளி நடத்துவது அல்ல. அங்கே சொன்ன தேதியை மடலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறர் பிள்ளைகளின் படங்களை அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஜாக்கெட் தொலைந்துவிட்டது.

கஃபடீரியா பக்கம் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஸ்டாண்ட் இருக்கும், போய்த் தேடுங்கள். அடுத்த ஜாக்கெட்டின் உள்பட்டையில் பிள்ளையின் பெயரை அழியாத மையால் எழுதிவிடுங்கள். கையுறை, தண்ணீர்ப் பாட்டில், டிபன் மூடி எல்லாவற்றிலும். யாரும் எடுக்காதவற்றை விடுமுறைக்கு முன் மூட்டை கட்டி நன்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தத் தேதியும் மடலில் வரும்.